வியர்வைக்கு ஒரு காரணம்

7 மார்ச் 2025, வெள்ளி
தவக்காலம் தொடங்கிவிட்டது. இன்று ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். "அறுபது தாண்டினவங்களுக்குக் கடமை இல்லம்மா, உங்களுக்கு சுகர் வேற" என்றார் ஃபாதர். கடமைக்காக இருக்கிறேன் என்று யார் சொன்னது?

17 மார்ச், ஆஸ்பத்திரி
வெள்ளியன்று பாடகர் குழுவுக்குப் பயிற்சி. மாடியில் ஆர்கன் வாசிப்பது நான்தான். கோயில் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. ரவிக்கை முதுகோடு நனைந்துவிட்டது. வலி? துளியும் இல்லை. ஒருசந்திப் பசி என்றே ஆர்கன் முன் உட்கார்ந்தேன். ஆனால் பசி என்றால் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டுமே. கைப்பையிலிருந்த மீட்டரில் பார்த்தேன் — 212. இறங்கவில்லை, ஏறித்தான் இருந்தது. அப்படியானால் இந்த வியர்வை எதற்கு?

"கேஸா இருக்கும் மம்மி, சோடா குடிங்க" என்றான் க்ளென். பெற்ற பிள்ளை. சோடாவாம்.

"ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

ஹார்ட் அட்டாக். அன்றே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். டாக்டர் சங்கமித்ரா சின்னப் பெண்தான், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை.

"பல வருஷ சுகர்ல நரம்பு மந்தமாயிடும் ஆண்ட்டி. இதயம் அடிபட்டாலும் வலி தெரியாது. எக்கோ ஸ்கேன்ல, முன்னாடியே வந்துபோன அட்டாக்கோட பழைய தழும்பு ஒண்ணும் இருக்கு."

"வலி வரட்டும்னு உட்கார்ந்திருந்தா?"

"இப்ப நாம பேசிட்டிருக்க மாட்டோம். மூச்சு வாங்கினாலோ காரணமில்லாம வேர்த்தாலோ உடனே வந்துடணும். ஒருசந்தி கூடவே கூடாது."

18 மார்ச்
பழைய தழும்பு. கிறிஸ்துமஸ் அன்று மூச்சு முட்டியதே, அதுவா? அன்று படிக்கட்டைக் கட்டியவனைத் திட்டினேன்.

28 மார்ச், வெள்ளி
மூன்று வேளையும் சாப்பிட்டேன். இதுதான் கடினமான தவம்.

11 ஏப்ரல்
ஈஸ்டருக்கு நான் கோயில் மாடி ஏறக்கூடாதாம், க்ளென் சொல்கிறான். "கீழயே கீபோர்ட் வெச்சுடலாம் மம்மி."

"கீபோர்ட் கல்யாண மண்டபத்துக்கு."

டாக்டரிடம் போய் நின்றேன். நடக்கவைத்துப் பார்த்தாள், தன் கண் முன்னே மாடி ஏறவும் வைத்தாள். "ஏறலாம். ஆனா பாதியில நின்னு ஏறணும்."

20 ஏப்ரல், ஈஸ்டர்
நேற்றிரவு ஈஸ்டர் திருவிழிப்புப் பூசை. படியின் பாதியில் நின்றேன். பாடகர் குழு முழுவதும் எனக்குப் பின்னால் நின்றது. நிற்கட்டும். இதற்கு முன் எங்கும் பாதியில் நின்றவள் இல்லை நான்.

பெரிய வியாழன் முதல் வழக்கப்படி வாசிக்கப்படாமல் ஊமையாயிருந்த ஆர்கன் வானவர் கீதத்துக்குத் திறந்துகொண்டது. மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு இப்படி வாசித்ததில்லை.

முடித்தபோது க்ளென் ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டான். "மம்மி, வேர்த்திருக்கு!"

"கீழ எட்டிப் பாரு. ஊரே வேர்த்திருக்கு" என்றேன். "இதுக்குக் காரணம் இருக்கு."