ஒத்தையா ரெட்டையா

பாரிவாக்கம்,
3.3.1987

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெயசீலி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கதி, சிரிக்காதீர்கள். என் இரண்டாம் வகுப்புப் பெண்கள் கணக்கு நேரத்தில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு 'ஒத்தையா, ரெட்டையா' விளையாடினார்கள். எனக்குக் கோபம் வந்து, எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். பிறகு கரும்பலகையில் ஒற்றை எண், இரட்டை எண் நடத்தினேன். கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பிரம்பை எடுத்துவிட்டேன். அடி வாங்கிய நாகவல்லி விசும்பிக்கொண்டே சொன்னாள்:

"புளியங்கொட்ட இருந்தா சொல்லிருவேன் டீச்சர். நீங்கதான் தூக்கிக் கடாசிட்டீங்களே."

அவர்கள் கையில் இருந்த பாடத்தை எறிந்துவிட்டு, அதையே நான் பலகையில் எழுதியிருக்கிறேன் அம்மா. அது முதல் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் அவளைப் பார்க்கக் கூசுகிறது. இங்கே இதை யாரிடம் சொல்ல?

புளி தட்டும்போது கொட்டையை எறியாதீர்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து ஒரு பை நிறைய அனுப்புங்கள். உங்கள் நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம். கொட்டை இங்கே கிடைக்காமல் இல்லை. பிள்ளைகளிடம் சொன்னால் நாளைக்கே மடி நிறையக் கொண்டுவருவார்கள். கேட்க எனக்குத்தான் முகம் இல்லை.

மணி அடித்துவிட்டது. அடுத்து கணக்கு. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ஜெயசீலி