நாலு பேரில் ஒருத்தி

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததும் உன் கைகள்தான் என்னை வரவேற்றன. பயப்படாதே, கையுறைகளைச் சொல்கிறேன். காற்றின் ஈரம் துளியும் படாமல் பேட்டரித் திரவம் கலப்பதற்கென்று நாம் அருகருகே நின்ற அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என்னுடையவை இரண்டு, உன்னுடையவை இரண்டு. உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்பதால் ஆளில்லாதபோது கையுறைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "பாருடி, தூக்கிக்கோன்னு அழுவுற குழந்த மாதிரி," என்பாய். நீ போன பிறகும் அப்படியேதான் நிற்கின்றன. உன் பக்கத்து ரப்பரில் வெடிப்பு விழத் தொடங்கிவிட்டதாம், நாளைக்கு மாற்றப் போகிறார்களாம். மேலாளர் சொன்னபோது தலையாட்டினேன்.

உனக்கு ஊர் பெக்கோக், எனக்குப் பொந்தியான். வேலைக்கு வந்த தெப்ராவில் ஒரே வாடகை வீடு, ஒரே ரைஸ் குக்கர். பனியைக் கண்ணால் கண்டிராத நாம் இரண்டு பேரும் பனி நாட்டு மின்சாரக் கார்களுக்கு ஏற்ற திரவம் தேடினோம். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே உறைபெட்டியில் சின்னச் சின்ன பேட்டரிகள் குளிரில் கிடக்கும். அந்தக் குளிரிலும் அவை சீக்கிரம் சார்ஜ் ஏற வேண்டும், அவ்வளவுதான் நமக்கு வேலை. அந்த அவ்வளவுதான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது.

சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் உன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். அப்படி என்னதான் வேலை செய்றீங்க என்று கேட்டார். நீ சோற்றுக் கையோடு விளக்க ஆரம்பித்தாய்.

"லித்தியம் அயனி இருக்குல்ல அண்ணா, திரவத்துல அது தனியா நடக்காது. சுத்தி கரைப்பான் மூலக்கூறுங்க பிடிச்சிக்கும். பெரும்பாலும் நாலு."

"பொணத்துக்குத்தான் நாலு பேரு வேணும்," என்று அவர் சிரித்தார்.

"அதேதான் லா! நாலு பேரு வாசல் வரைக்கும் கொண்டாந்து சேக்கணும். அதுக்கப்புறம் விட்டாத்தான் உள்ள போகும்."

அந்த வாசல்தான் பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட். அதன் அடுக்குகளுக்கு இடையில் அயனி போய் உட்கார்ந்தால்தான் சார்ஜ். மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முனையைத் திருப்பி அயனியைப் பிடிக்காவிட்டால் லித்தியம் உப்பே கரையாது. பிடி இறுகிப் போனாலோ, வாசலில் கழற்ற முடியாமல் எல்லாம் தேங்கி நிற்கும். குளிரில் இன்னும் மோசம். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அப்படி ஒரு கரைப்பானைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம்.

விடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். குளிரில் உறையாது என்று நம்பி ஒரு கரைப்பானைப் போட்டோமே, நினைவிருக்கிறதா? பேட்டரியைப் பிரித்தபோது கிராஃபைட் முழுக்க, வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவர்ச் சாயம் போல உரிந்து கிடந்தது. மூலக்கூறுகள் அயனியை விடாமல் கூடவே உள்ளே நுழைந்து அடுக்குகளைப் பிளந்துவிட்டன. "அலமாக்! பாசம் ஜாஸ்தியாயிடுச்சிடி," என்று நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாத வேலை குப்பைக்குப் போயிருந்தது.

பிறகு உன் வயிற்றில் கட்டி. அதைப் பற்றி அழகாக எழுத எனக்கு மனமில்லை. நீ இளைத்தாய், நாறினாய், கத்தினாய், ஒரு நாள் என்னை வெளியே போகச் சொல்லித் திட்டினாய். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆள் எண்ணினாய்.

"அண்ணன் ஒண்ணு. மாமா பசங்க ரெண்டு பேரு. எனக்குப் புள்ளையா குட்டியா? நாலாவது மூலைக்கு நீ வா. சரின்னு சொல்லு."

"வாய மூடுடி."

"சரின்னு சொல்லு லா."

சொன்னேன்.

பெக்கோக் வீட்டில் உன் சவப்பெட்டியை மூடியதும் மூலைக்குப் போய்க் குனிந்தேன். உன் பெரியப்பா கையை நீட்டி மறித்தார். "பொம்பளப் புள்ளைங்க தோள் குடுக்குற பழக்கம் நம்மகிட்ட இல்லம்மா. ஆம்பளைங்க இருக்காங்க." இருந்தார்கள், வாசல் நிறைய இருந்தார்கள். உன்னைத் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்த மாதங்களில் அவர்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அப்போது எந்தப் பழக்கம் தடுத்ததோ! இதையெல்லாம் கேட்க வாய் வரை வந்தது. சாவு வீட்டில் சண்டை போடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் நகரவும் இல்லை.

உன் அண்ணன்தான் தலை நிமிராமல் சொன்னார். "தங்கச்சி கேட்டுச்சு பெரியப்பா. தூக்கட்டும்."

கூடத்திலிருந்து வேன் வரைக்கும் தூக்கினேன். அவ்வளவு இளைத்த பிறகும் நீ கனத்தாய். பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள், நான் வேனில் ஏறினேன். மின்சுடலையில் பெட்டியை இறக்கி உருளைகள் மேல் வைத்தோம். எரியறைக் கதவு திறந்தது. மற்ற மூவரும் கையை எடுத்துவிட்டார்கள். என் கை எடுபடவில்லை. இழுத்தும் வரவில்லை என்றால் நீயாவது நம்புவாய். உன் அண்ணன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"விடுமா. விட்டாத்தான் உள்ள போகும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துச் சொன்னாரா, தானாக வந்த பேச்சா, இன்றுவரை நான் கேட்கவில்லை. விட்டேன்.

உன் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அன்று சோற்றுக் கையோடு நீ பாதிக் கதைதான் சொன்னாய். உள்ளே போன அயனி அங்கேயே இருந்துவிடாது. பேட்டரி வேலை செய்யத் தொடங்கியதும் வெளியே வரும். வாசலில் எந்த நாலு பேர் நின்றாலும் உடனே பிடித்துக்கொள்வார்கள். விட்டவர்களுக்கு அதனால்தான் வலிப்பதில்லை. நம் கதையில் அந்த மீதிப் பாதி கிடையாது. "காலம் போனா சரியாயிடும்," என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சரியாகவில்லை.

மாலையில் எல்லோரும் போன பிறகு கண்ணாடிப் பெட்டியின் உன் பக்கம் போய் நின்றேன். நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளுக்குள் என் கைகளை நுழைத்தேன். உனக்கு நீள விரல். என் விரல் நுனிகளைத் தாண்டி, ஒவ்வொரு விரலிலும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.