வேறு குளத்தில் ஒரு தேரை

என் வாத்துக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உங்களுக்கென்ன, எந்தக் குளத்திலும் இறங்கி நீந்திவிடுவீர்கள். இடத்தைவிட்டு நகராத தேரை நான்தான் என்று சிரித்தீர்களே.

வனத்துறையில் நாங்கள் காக்கும் தேரைகள் உலகத்திலேயே அந்த ஒரு குளத்தில்தான் மிஞ்சியிருந்தன. அதுவும் வற்றிவிட்டது. கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அள்ளி வேறு குளத்தில் விட்டேன். "இடம் மாறினா இதுங்க வாயே திறக்காதும்மா" என்றார் அதிகாரி. அங்கே பனிமூட்டத்துக்குள் வாத்துகள் மட்டும் கத்திக்கொண்டே இருந்தன.

இன்று விடியற்காலை, அந்தக் கத்தலுக்கு நடுவே, தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு சின்னக் குரல் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

புது ஊர் வேலைக்குக் கிளம்பும்போது "நீயும் வர்றியா?" என்று கேட்டீர்கள். நான் வாயே திறக்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

அங்கே உங்கள் வீட்டுக்கு எனக்கும் இன்னொரு சாவி செய்து வையுங்கள்.

உங்கள் தேரை