மாவுச் சல்லடையில் சலித்த கரிசல்

மைனி,

இன்று காலையில் எதிர்வீட்டில் பருப்புப்பொடிக்கு வறுத்தார்கள். பூண்டும் மிளகாயும் கருகுகிற வாசம் தெருமுனை வரைக்கும் போனது. அந்த வீட்டுப் பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு சார்ஜாவுக்குப் போகிறான். அவன் அம்மா பொடியை ஒரு கவரில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு கவர் போட்டு, டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆச்சி, ஏர்போர்ட்ல இதப் பாத்து என்னன்னு கேப்பாவளோ?" என்றாள்.

"செவப்பா இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாவ. கருப்பா இல்லாமப் பாத்துக்கோ" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்து வைத்தாள். எனக்குத்தான் பழைய கோபம் கிளம்பிவிட்டது. உங்கள் மேல்தான். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அது செத்துப்போனவர்கள் கிளப்பிவிட்ட பேச்சாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு வேண்டாதது எதுவும் உங்களுக்கு ஞாபகம் இருந்ததில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த சமயம். என் மகன் முருகேசன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருந்தான். அந்தக் காலத்தில் படிப்பு முடிந்த பையன்கள் எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டால் நான் சரியாகச் சொல்லுவேன். முதலில் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே தொங்குகிற கோட்டை மாட்டிக்கொண்டு மார்பளவு படம் எடுத்தார்கள். ஒரே கோட்டு, அதனால் அந்த வருஷத்துப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே தோள். அடுத்து திருநெல்வேலிக்குப் போய் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பெயரைப் பதிந்தார்கள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுக்குப் போனார்கள். அங்கேதான் ரொம்ப காலம் இருந்தார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் வேலை இறங்கி வருகிற மாதிரி எட்டிப் பார்ப்பார்கள்.

"ஒம் மவன் என்ன செய்யுதான்?" என்று யாராவது கேட்டால், "பதிஞ்சிருக்கான்" என்போம். அதைத் தாசில்தார் உத்தியோகம் போலச் சொல்லுவோம். அதை வைத்துப் பெண் கேட்டவர்களும் உண்டு, கொடுத்தவர்களும் உண்டு.

உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் ஒரே மகள் செல்விக்கு முருகேசன்தான் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. சண்டை எல்லாம் அவன் எங்கே போகிறான் என்பதில்தான். உங்கள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணன், தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். "மொதலாளிட்ட சொல்லியாச்சு. மிசினப் பாத்துக்கிட ஆள் வேணுமாம். நடந்தே போய்ட்டு நடந்தே வந்துருவான். எம் மவ மத்தியானம் சோறு கொண்டுபோய்க் குடுப்பா" என்றீர்கள். ரெண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவர் தாண்டி உங்கள் மகள் போகக் கூடாது. அதுதான் உங்கள் கணக்கு.

என் கணக்கு வேறு. அவன் அப்பா போனதிலிருந்து அதே கம்பெனியில் உட்கார்ந்து மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கித்தான் அவனைப் படிக்க வைத்தேன். குச்சி மருந்து வாடை சேலையில் ஏறி, தலைமுடியில் ஏறி, சோற்றுத் தட்டில் ஏறி இருந்தது. அந்தக் கம்பெனிக் கேட்டுக்குள் அவன் நுழையக் கூடாது. அந்த ஒரு பிடிவாதத்தில்தான் நான் நிமிர்ந்து நடந்தேன்.

அப்போதுதான் வடக்கே ஒரு இரும்பாலையிலிருந்து இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. தெருவே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. நீங்களும் வந்தீர்கள். "அங்கன சப்பாத்திதானாம். பிள்ள காஞ்சு போவானே" என்று மூக்கைச் சிந்தினீர்கள். கார்டில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

போகிற ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ள, பிறந்த மண்ணில் ஒரு சிட்டிகையை அந்தத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, ஒரு மடக்குக் குடிக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். எல்லோரும் வெற்றிலையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்புவார்கள். அவன் கிளம்புகிற அன்று நான் விபூதி வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் என் வீட்டுக்குள் வந்தீர்கள்.

நீங்கள் எதைத்தான் ஒரு சிட்டிகை செய்தீர்கள்? ஒரு படி கரிசல் மண்ணை உலக்கையால் இடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, மை மாதிரி ஆக்கியிருந்தீர்கள். கட்டுவதற்கு வீட்டில் என்ன இருக்கும்? தீப்பெட்டி ஒட்டுகிற நீலத்தாள். அதில் பொட்டலம் போட்டு, கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றில் இறக்கி, டிரங்குப்பெட்டியின் அடியில், வேட்டிக்கும் சர்டிபிகேட்டுக்கும் கீழே வைத்துவிட்டீர்கள். அட்டைப்பெட்டியின் மேல் நெருப்புப் படமும் சிவப்பில் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தன. நான் மூணாம் வகுப்பு. நீங்கள் அதுவும் இல்லை.

மதுரை தாண்டி ஒரு ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் வண்டியில் ஏறிப் பெட்டிகளைச் சோதித்திருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். அங்கே இப்போது நல்லவர்கள் வேலை பார்க்கலாம். முருகேசன் அது முறுக்கு என்றே நினைத்துத் தானே எடுத்து நீட்டியிருக்கிறான்.

"எந்த ஊரு?"

"கோவில்பட்டி, சார்."

"என்ன படிச்சிருக்கே?"

"பாலிடெக்னிக், சார்."

போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாராம். "இது என்ன?"

இவனும் எட்டிப் பார்த்திருக்கிறான். "மண்ணு, சார். எங்க அத்த வச்சிருப்பாவ."

"அத்தை எதுக்குடா மண்ணு வைக்கணும்?"

"தண்ணியில கலக்கிக் குடிக்கதுக்கு, சார்."

இதற்கு மேல் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? வெடிமருந்து என்றே முடிவு செய்து கீழே இறக்கிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் அந்தப் பக்கம் நின்றவர்களையெல்லாம் விரட்டினார்கள். பீடி குடித்துக்கொண்டிருந்த போர்ட்டரைப் பிடரியில் தட்டி அணைக்க வைத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பொட்டலத்தின் மேல் கொட்டினார். கொட்டியவர் அதிலேயே காலையும் வைத்தார். கரிசலில் ஈரத்தில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு எட்டு வைத்தால் ஒரு பூட்ஸ் ரெண்டு பூட்ஸ் கனம் ஆனது. அடுத்த எட்டில் கால் மட்டும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் போலீஸ்காரர்களில் பெரியவர், "மண்ணுதான்யா" என்றாராம். சொல்லிவிட்டு இவனையே பூட்ஸைக் கழுவவும் வைத்தார். கழுவி நிமிர்ந்தால் வண்டியைக் காணோம். மெட்ராஸில் பிடிக்க வேண்டிய வண்டியும் போயிற்று. இரும்பாலை வாசலுக்கு இவன் போய் நின்றபோது இன்டர்வியூ முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவன் டீக்கடை பெஞ்சில் கொஞ்ச காலம் உட்கார்ந்தான். அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை எங்கள் அண்ணன் பின்னாலேயே அந்தக் கேட்டுக்குள் போனான். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். என் சேலையில் அடிக்கிற அதே வாடை. அன்றைக்கு உங்களோடு பேச்சை நிறுத்தினேன்.

பேச்சை நிறுத்தினால் பேசாமல் இருக்க முடியுமா? எனக்குக் கோழி இருந்தது. உங்களுக்கு வெள்ளாடு இருந்தது. நடுவில் சுவர்.

"ஏ கோழி, அடுத்தவ குடியக் கெடுக்கதுக்குன்னே மண்ணக் கிண்டுத பாரு. நீயெல்லாம் உருப்படுவியா?"

சுவருக்கு அந்தப் பக்கம்: "ஏ ஆடு, நல்லது செஞ்சாலும் ஊரு நம்மளத்தான் முட்டும். கொம்பு நமக்கு இருக்குன்னுதான் பேரு."

ரேஷனில் சீனி வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, யார் வீட்டில் பெண் சமைந்தது, எல்லாம் இவை வழியாகத்தான் போய் வந்தன. தெருவில் அந்தக் கோழிக்கும் ஆட்டுக்கும் தெரியாத சங்கதி இல்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது, முருகேசனோடு படித்த பையன் ஒருவன் பம்பாயிலிருந்து எழுதினான். அவன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், உடனே வரச் சொல்லி. நான் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தேன். முருகேசன் அசையவில்லை. நகத்தைக் கடித்தபடி, "செல்விய விட்டுட்டுப் போவ மாட்டேம்மா. அத்த அவள அனுப்ப மாட்டாவ" என்றான்.

மைனி, அன்றைக்கு இருந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் மகன் அந்த மருந்து வாடையிலிருந்து வெளியே வர வேண்டும் என்றால் நீங்கள் மனசு வைக்க வேண்டும். நானோ உங்களோடு பேசுவதில்லை. அதற்காக நானே வலிய வந்து பேச முடியுமா? கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சுவர் ஓரம் போய் உட்கார்ந்தேன்.

"ஏ கோழி, ஆயுசுக்கும் குஞ்ச றெக்கைக்குள்ளயே வச்சிருக்க முடியுமாட்டி? சோடியா எங்கயாவது போய்ப் பிழைக்கட்டும்னு விட்டாத்தானே நீ தாய்க்கோழி."

அன்றைக்கும் மறுநாளும் சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கூட இல்லை. நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அதற்கடுத்த நாள் உங்கள் குரல் கேட்டது.

"ஏ ஆடு, கட்டிப் போட்டா நீ கயித்தக் கடிச்சிட்டுப் போயிருவே. அதுக்கு அவுத்து விட்ட மானமாவது எனக்கு இருக்கட்டும். போ. அங்கன அந்தப் பயலுக்குச் சோறு பொங்க ஆள் வேணும்லா. ஆனா கல்யாணத்த இங்கன முடிச்சிட்டுத்தான் போவணும். பந்தியில மூணு கூட்டு வைக்கணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஏ கோழி, ரெண்டு கூட்டு போதும்."

"ஏ ஆடு, மூணு."

எங்கள் அண்ணன் உள்ளேயிருந்து, "ஏட்டி, அந்த வாயில்லாச் சீவனுகள விட்டுட்டு ரெண்டு பேரும் நேர்ல பேசுங்களேன்" என்றார். அவர் பேச்சை என்றைக்கு யார் கேட்டோம்?

மூணு கூட்டுதான் வைத்தோம். தாலி கட்டும்போது நாம் ரெண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கிளம்பிய அன்று பெட்டி படுக்கை எல்லாவற்றையும் நானே அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டினேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது செல்வி ஜன்னலில் கையை நீட்டினாள். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடினீர்கள். உங்களுக்கு அப்படி ஓடத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தூக்கிச் செருகிய கொசுவத்தை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி நடந்து வந்தீர்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. "மைனி, அந்த மண்ண வேணும்னுதான் சலிச்சியளா?"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் வார்த்தை அதுதான். நீங்கள் நிற்காமல் நடந்துகொண்டே, "சலிக்காமக் குடுத்தா கல்லு இருக்கும்லாட்டி. பிள்ள குடிக்கது" என்றீர்கள்.

இதை நம்பலாமா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டு உளுந்தில் என்றைக்கும் கல் கிடந்திருக்கிறது. ஆனால் அது உங்களுக்காகப் புடைத்த உளுந்து. அவனுக்காகச் சலித்தது மண். அதையும் நான் யோசித்துத்தான் பார்த்தேன்.

உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். சாவியை எடுத்தீர்கள், கதவைத் திறக்கவில்லை. என் வீட்டிலும் ஆள் இல்லை. உங்கள் வீட்டில் இனி எங்கள் அண்ணன் ஒருவர்தான், இருந்தும் சத்தம் இல்லாதவர். "இனி எதுக்குட்டி ரெண்டு அடுப்பு? இங்கனயே ஒல வைப்போம். வா" என்றீர்கள்.

வந்தேன். அன்றைக்கு வைத்த குழம்பில் நீங்கள் போட்ட உப்பில் ஒரு ஊறுகாய்ப் பானையே போட்டிருக்கலாம். சொன்னேன். "திங்க மாட்டியா? போ" என்றீர்கள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. ஒரே அடுப்பில் எத்தனை வருஷம், தினமும் அந்த உப்புக்காகச் சண்டை. கடைசியில் என் நாக்கும் அதற்கே பழகிவிட்டது, கையும் பழகிவிட்டது.

போன மாதம் செல்வி பம்பாயிலிருந்து வந்திருந்தாள். நான் வைத்த புளிக்குழம்பை வாயில் வைத்துவிட்டு, "அத்தை, உப்பு கரிக்குது" என்றாள்.

"நான் வாழ வந்தப்போ எனக்கு நல்ல கை. ஒங்க அம்ம கெடுத்த கை இது. கேக்கதா இருந்தா அவகிட்டப் போய்க் கேளு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.