எனக்கு மட்டும் நிரப்பிவைத்த தொட்டி

பண்ணை வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வா என்று சொன்ன என் அம்மாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது அம்மா. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் பையைக் கீழே வைக்கும் முன்னே நீ கேட்டது இதைத்தானே. "ஏஞ்சாமி, ஏதாச்சும் ஆச்சா?" என்பாய். ஆச்சு. புவனேஸ்வரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே சமூகவியல் துறையில் உதவிப் பேராசிரியர். ஒப்பந்தம் இல்லை, மணிக்கணக்குச் சம்பளம் இல்லை, பருவம் முடிந்ததும் வீட்டுக்குப் போ என்று சொல்ல மாட்டார்கள். நிரந்தரம். நீ இருந்திருந்தால் இந்த ஒரு சொல்லை ராசிபுரம் வரைக்கும் போன் போட்டுச் சொல்லித் தீர்த்திருப்பாய்.

நீ கண்மூடிய மார்கழிக்குப் பிறகு வந்த வேலை இது. உத்தரவு மின்னஞ்சலில் வந்த அன்று யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை. தீவன அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கோழிகளைப் பார்த்தேன்.

சமூகவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்காக வாயாடியவள் நீதான். "அவ சனங்களப் பத்திப் படிக்கறாங்க. சனங்க இருக்கற வரைக்கும் வேலை இருக்குமல்லங்க?" என்று ஒரே போடு போடுவாய். அவர்கள் கிளம்பிப் போனபிறகு என் பக்கம் திரும்பி, "நெசமாவே இருக்குமா சாமி?" என்று மெதுவாகக் கேட்பாய். சனங்கள் இருந்தார்கள் அம்மா, வேலைதான் இல்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பொறியியல் இருக்கும், வணிகவியல் இருக்கும், கணினி இருக்கும். சமூகவியல் என்று ஒரு துறை இருக்கிற கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். மே மாதம் வந்தால் சம்பளம் கிடையாது. நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்தேன். யாரோ ஒரு பேராசிரியரின் திட்டத்துக்காக மல்லசமுத்திரத்துப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். அறிக்கை வந்தபோது அதில் என் பெயர் இல்லை. கோபத்தில் நான் சோறு வேண்டாமென்று படுத்திருந்தபோது, "போச்சாது போ, அடுத்ததப் பாரு" என்று தட்டைக் கட்டிலிலேயே கொண்டுவந்து வைத்தாய்.

சாயங்காலமானால் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு உட்காருவோம். நீ முட்டை விலை பார்ப்பாய். நான் வேலை அறிவிப்பு பார்ப்பேன். தில்லியில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று, வெளிநாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு ஆய்வு நிதி. "உனக்கு ஏறிச்சா எறங்குச்சா?" என்று கேட்பாய். அந்தக் கேள்விக்கு நான் சிரித்த நாளும் உண்டு, எரிந்து விழுந்த நாளும் உண்டு.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கோழிப்பண்ணைகளில் குடியிருந்து வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்கள். பண்ணைக்காரி மகளுக்கு இது சுலபம் என்று என் வழிகாட்டி நினைத்தார். நம் வழக்கம் அவருக்குத் தெரியாது. ஒரு பண்ணைக்குப் போய்வந்த காலோடு இன்னொரு பண்ணைக்குள் போகக் கூடாது. செருப்பில், துணியில், தலைமயிரில் சீக்கு ஒட்டிக்கொண்டு வரும். வந்தால் கொட்டாய் கொட்டாயாகக் கோழி செத்து விழுந்துவிடும். யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததுமே கேட்டில் நிறுத்துவார்கள். "பண்ணைக்கார ஊட்டுப் புள்ள நீங்க. நாங்க சொல்லித் தெரியோணுமுங்களா?" என்பார்கள். அதனால் சந்தையிலும், ரீசார்ஜ் கடை வாசலிலும், பஸ் நிறுத்தத்திலும் நின்று நின்றே என் ஆய்வை முடித்தேன். இரக்கப்பட்டு உள்ளே விட்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

வீட்டுக்கு வந்தால் உன் காவல். வீடு பண்ணை வேலிக்குள்ளே இருந்ததால் எனக்கு வேறு வழியும் கிடையாது. "அங்கயே நில்லு! எந்தப் பண்ணை ஆளுங்ககிட்டப் பேசிட்டு வாரயோ, தண்ணி வாத்துக்கிட்டு உள்ள வா" என்று வாசலிலிருந்தே சத்தம் போடுவாய். கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் அறை, அதை ஒட்டி சிமெண்டுத் தொட்டி. நான் வரும் நேரம் பார்த்து அது நிரம்பியிருக்கும். கொடியில் துவைத்த துணி தொங்கும். குளிர் காலத்தில் வெந்நீர் ஒரு குடம் கொண்டுவந்து கலந்துவிட்டுப் போயிருப்பாய். தலை துவட்டிக்கொண்டு நான் உள்ளே வரும்போது, "இப்ப வா எஞ்சாமி" என்று முகமே மாறிவிடும் உனக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீ இறங்கி வரவில்லை. நம் பண்ணையில் வேலை செய்தவர்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "ஊரான் பண்ணையில போயி என்ன வேணும்னாலும் கேளு. நம்ம சனங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாது" என்றாய். ஏனென்று கேட்டேன். "கேக்கப்படாதுன்னா கேக்கப்படாது." அதற்கப்புறம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு திரிந்தோம். நம் பண்ணை இல்லாமலே ஆய்வேடு அச்சாகி, பட்டமும் வந்தது. உன் பிடிவாதம் தெரிந்ததுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

நேர்காணல் கதையைக் கேள். அந்த நிறுவனத்தின் வாசலில் மழை ஈரத்தோடு ஒரு கால்மிதி கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் கேட்டில் மருந்துத் தண்ணீரில் கால் நனைப்பதுபோல, இரண்டு காலையும் மாற்றி மாற்றி அதில் அழுத்தி நனைத்துக்கொண்டு நின்றேன். காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உன் வளர்ப்பு அம்மா, நான் என்ன செய்ய.

உள்ளே ஐந்து பேர். வெள்ளை முடியோடு ஒரு பேராசிரியை நடுவில். என் ஆய்வேட்டை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "உங்கள் குடும்பமே பண்ணை வைத்திருக்கிறது. இத்தனை பக்கங்களில் அந்தப் பண்ணை எங்கே?" என்றார். அம்மா அனுமதிக்கவில்லை என்றேன். "இப்போது?" என்றார். அம்மா இறந்துவிட்டார் என்றேன். இந்த வேலைக்கு வந்தால் முதல் ஆய்வை எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். "என் வீட்டிலிருந்து" என்றேன். அந்த நிமிஷத்தில் அது உண்மையாகத்தான் வாயில் வந்தது. அந்தப் பதிலுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் சுமித்ராவிடம் போனேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன்: சுமித்ராவும் அவள் கணவனும் ஒடிசாவிலிருந்து வந்து, பல வருடமாக நம் பண்ணை ஆட்களுக்கான லைன் வீட்டில் இருக்கிறவர்கள். முட்டை பொறுக்குவது அவள் வேலை. நம் ஊர்த் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவாள். நீ இறந்த அன்று உன் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து, "பெத்த புள்ளையாட்டம் அழுவறா பாரு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கே அன்றைக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது.

எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன். விருப்பமிருந்தால் பேசலாம், இல்லையென்றால் வேண்டாம், பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்றேன். அவள் சிரித்தாள். "எம்பேர மாத்த வேண்டாங்க்கா. அம்மா பேர வேணும்னா மாத்திக்குங்க" என்றாள். அவள் அம்மா என்றது உன்னைத்தான்.

"எங்கம்மா செத்துப்போச்சுன்னு ஊர்ல இருந்து போன் வந்துச்சுங்க. அம்மாகிட்டப் போயி நின்னேன். அம்மாவும் அழுதாங்க, இல்லைங்கல. அப்புறம், 'சீக்கு நேரம் சுமித்ரா. உங்கூர்ல ஊட்டுக்கு ஊடு கோழி இருக்கும். போனா திரும்பி உள்ள விட முடியாது. போறதுன்னா ஒரேயடியாப் போயிரு'ன்னாங்க. நானும் ஊட்டுக்காரரும் உக்காந்து யோசிச்சோம். இந்த வேலைய உட்டுட்டு எங்க போறதுங்க? போகலீங்க. எரிக்கறதப் போன்லதான் பாத்தனுங்க."

அன்றைக்கு நீ அவளுக்கு லீவு விட்டாய், சோறு கொண்டுபோய்க் கொடுத்தாய், சேலை எடுத்துக் கொடுத்தாய் என்றும் அவளே சொன்னாள். "நல்ல சேலைதானுங்க" என்றாள். பிறகு, "அம்மா செத்தன்னிக்கு நான் அத்தன அழுதேனல்லங்க, அதுல பாதி எங்கம்மாவுக்குங்க. அப்ப அழுவறதுக்கு எனக்கு ஒரு எழவு ஊடு இல்லீங்களே" என்றாள்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் படித்த படிப்பில் அதற்கு அடுத்த கேள்வி இல்லை அம்மா.

அந்தச் சீக்குப் பேச்சு வந்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அப்போதும் களப்பணியில்தான் இருந்தேன். எத்தனையோ பண்ணை ஆட்களோடு பேசிவிட்டு வருவேன். நீ கேட்டில் நிறுத்துவாய். தொட்டி நிரம்பியிருக்கும். துணி தொங்கும். குளித்துவிட்டு உள்ளே வருவேன். அதே தொட்டி, அதே தண்ணீர். சுமித்ரா தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அதில் குளித்திருந்தால் சீக்கு போயிருக்காதா? உனக்கு அது தோன்றவே இல்லையா? இல்லை, தோன்றியும் கோழிகளை நினைத்துப் பயந்துவிட்டாயா? அப்பா போனபிறகு ஒற்றை ஆளாக இந்தப் பண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. ஒரு கொட்டாய் விழுந்தால் நாம் எழுந்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். நான் அவர்களிடம் பேசக் கூடாது என்று நீ அடம்பிடித்தது இதற்காகத்தானா? கேட்டால் சொல்வதற்கு நீ இல்லை. இருந்தபோது கேட்க எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் சொன்னேன். உன் தம்பி உனக்காகத்தான் பேசுவார் என்று உனக்குத் தெரியாதா. "செத்தவளப் பத்தி எழுதித்தான் சம்பளம் வாங்கோணுமா சாமி? நாமக்கல்லுல வேற பண்ணையே இல்லியா?" என்றார். இருக்கிறது. வேலையில் சேர்ந்துவிட்டு வேறு பண்ணையைப் பற்றி எழுதினால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. உத்தரவு கையில் இருக்கிறது. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்தது. ஆனால் ஊரான் வீட்டு முதலாளியம்மாக்களைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டு, என் வீட்டு முதலாளியம்மாவை மட்டும் விட்டுவிட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் என்ன ஆகும்? மூன்று நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் படத்தைப் பார்க்கவே கோபமாக வந்தது. அப்புறம் உன்னைக் காணோமே என்று இருந்தது.

உன்மேல் எனக்கு ஆசை குறையவில்லை அம்மா. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

நான் எழுதப்போகிறேன். நீ அழுததையும் எழுதுவேன், சேலையையும் எழுதுவேன், கேட்டை அடைத்ததையும் எழுதுவேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். உன் பெயர் வராது. 'பண்ணை உரிமையாளர், பெண்' என்று மட்டும் இருக்கும். அந்த மூன்று சொல்லுக்குள் உன் வெந்நீர்க் குடம் இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

பண்ணையை மாமாவுக்கே குத்தகைக்கு விடுகிறேன். ஒரே ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். இங்கே வேலை செய்கிற யார் வீட்டில் சாவு என்றாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும், திரும்பி வந்தால் தண்ணீர் வார்த்து, துணி மாற்றிக்கொண்டு உள்ளே வரட்டும். மாமா முணுமுணுத்தார். "உங்கக்கா மக அப்பிடித்தானுங்க மாமா உள்ள வந்தா" என்றேன். சரியென்று தலையாட்டினார்.

நாளைக்கு ரயில். சுமித்ராவும் என்னோடு வருகிறாள். அவள் அம்மாவை எரித்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டுமாம். அவள் திரும்பி வரும் அன்று தொட்டியை நிரப்பி, கொடியில் துவைத்த சேலை ஒன்றைப் போட்டு, வெந்நீர் ஒரு குடம் கலந்து வைக்க மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இது உனக்கு என் வாக்கு.

போயிட்டு வாரேன் அம்மா.

அந்தத் தொட்டியில் குளித்து உள்ளே வந்த உன் மகள்,
தேன்மொழி