காரணம் என்ற கட்டம்

ஜூன் 3
பெரியவளின் மாற்றுச் சான்றிதழ் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்'. பள்ளி அலுவலகத்தில் பதினாறு வருடமாக நானும் இதையேதான் எழுதிக் கொடுக்கிறேன். இன்று என் மகள் தாளிலேயே அதைப் படிக்கிறேன். கல்லூரி அணியில் நீண்டதூரம் ஓடியவள் நடுவருடத்தில் ஏன் வேறு கல்லூரிக்கு மாறினாள்? கேட்டால் எழுந்து போய்விடுகிறாள். சின்னவளுக்கு இப்போது அதே அணியில் இடம். பதினான்காம் தேதிக்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன் 5
கோச்சுக்குப் போன் செய்தேன். "திறமை இருக்கும்மா, ஒழுங்குதான் இல்ல." தேன் ஒழுகும் குரல். அணியில் பெரியவளோடு ஓடிய பழைய அறைத்தோழி, "முட்டி வலி ஆன்ட்டி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்க அவசரப்பட்டாள். என் வீட்டுக்காரர், "ஏதாவது காதல் கீதல் இருக்கும்" என்கிறார். மூன்று பேர், மூன்று கதை. யாரை நம்பித் தொலைப்பது?

ஜூன் 8
பெரியவளிடம் கத்திவிட்டேன். "ஓடத் துப்பில்லாம வந்துட்டியா?" — பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "தங்கச்சிய அங்க அனுப்பாதம்மா." ஏன்டி? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 9
இன்றும் கதவு சாத்தியே இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

ஜூன் 11
அவளுக்குக் காய்ச்சல். கிளினிக்கில் எடை பார்க்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றினாள். பிறகு வாட்ச், கம்மல், தலை கிளிப். "கம்மல்ல என்னம்மா எடை இருக்கு?" என்று நர்ஸ் சிரித்தார். இவள் மெஷினில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் கேட்டேன். "தினம் காலைல கோச் எடை பார்ப்பாரும்மா. அரைக் கிலோ கூடினா அன்னைக்குச் சாப்பாடு கிடையாது. ரெண்டு தடவ மயங்கி விழுந்தேன்."

என்கிட்ட ஏன்டி சொல்லல?

"சொன்னேனே. கோச் செஞ்சா காரணம் இருக்கும், பொறுத்துக்கோன்னியே."

சொன்னாள்தான். ஞாபகம் வருகிறது. அலுவலகத்தில் வேலை தலைக்கு மேல் இருந்தது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். நானெல்லாம் ஒரு அம்மா.

ஜூன் 14
படிவத்தில் 'சம்மதமில்லை' என்று எழுதினேன். காரணத்துக்குக் கட்டம் போதவில்லை. கல்லூரி முதல்வர் பெயருக்குத் தனித் தாளில் எழுதி இணைத்தேன். சின்னவள் அழுது தீர்த்தாள்.

அனுப்பும் முன் பெரியவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். என் பேனாவை வாங்கி, அடியில் நான்கு பெயர்களை எழுதினாள். இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறவர்கள். முதல் பெயர் அந்த அறைத்தோழியுடையது.