குளிர் புகாத ஜன்னல்கள்

வில்லிஸ்டன், வடக்கு டகோட்டா
8 நவம்பர் 1981

அன்புள்ள லவோன்,

நீயும் குட்டி பெக்கியும் சுகந்தானே? உன் அக்காவைக் கேட்டதாகச் சொல். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எண்ணெய்க் கிணற்றில் எனக்கு மறுபடியும் இரவு ஷிப்டுதான்.

போன குளிர்காலத்தில் பெக்கியின் போர்வை நம் சக்கர வீட்டின், இந்த டிரெய்லரின், தகரச் சுவரோடு உறைந்து ஒட்டிக்கொண்டதே, அதனால்தானே அக்கா வீட்டுக்குப் பெட்டியைக் கட்டினாய்? இனி அந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்துத் தெர்மாகோல் பலகை அறுத்து, அலுமினியத் தாள் ஒட்டி, உள்ளே அடைத்துவிட்டேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். ஹேர் டிரையரால் சூடு காட்டியதும் சுருக்கமில்லாமல் இறுகிவிட்டது. மூச்சுக் காற்றுக்குக் கூரை வழி திறந்தே இருக்கிறது, பயப்படாதே. பக்கத்து டிரெய்லரில் இருக்கிற கஸ் வந்து பார்த்துவிட்டு, "என்னடா, மீன் பொட்டிக்குள்ள குடித்தனம் நடத்தப் போறியா?" என்றான். பொறாமை!

கிறிஸ்துமஸுக்குள் இருவரும் வந்துவிட வேண்டும். இனி என்ன சாக்குச் சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன்,
டுவெயின்

பெமிட்ஜி, மினசோட்டா
15 நவம்பர்

அன்புள்ள டுவெயின்,

எல்லோரும் சுகம். பெக்கிக்கு இருமல் நின்றுவிட்டது. உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

சாக்கு என்கிறாய். படுக்கைப் பக்கத்து ஜன்னல்களை அடைத்தது சரி. சாப்பாட்டு மேசைக்கு மேலே இருக்கிற ஜன்னலில் மட்டும் பலகையை எடுத்துவிடேன். பிளாஸ்டிக் தாள் போதும், வெளிச்சம் வரும். நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

லவோன்

வில்லிஸ்டன்
22 நவம்பர்

லவோன்,

இருப்பதிலேயே பெரிய ஜன்னல் அதுதான். அதைத் திறந்து போட்டுவிட்டு மற்றதை அடைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை. இங்கே குளிர் எலும்பில் இறங்குகிறது. இரவெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன் பகலில் தூங்க வேண்டாமா? வெளிச்சத்துக்குத்தான் பல்பு இருக்கிறதே!

அந்த ஜன்னலுக்கு நேற்று இன்னொரு பலகையும் சேர்த்து அடித்துவிட்டேன். கஸ் சொல்கிறான், "பொண்டாட்டி வராததுக்கு ஜன்னலா காரணம்? வேற ஏதோ இருக்குடா, நல்லா விசாரி." அவன் சொல்வதில் என்ன தப்பு? வருவாயா மாட்டாயா, ஒரே சொல்லில் எழுது.

டுவெயின்

பெமிட்ஜி
29 நவம்பர்

டுவெயின்,

ஒரே சொல்லில் எழுத மாட்டேன். முழுக்கப் படி.

போன வருஷம் ஜூலையில் வெயிலுக்கென்று ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினாய். இல்லாவிட்டால் உள்ளே வெந்துபோவோம், பொறுத்துக்கொண்டேன். அதைக் கிழிப்பதற்குள் குளிருக்கென்று அதன் மேலேயே அட்டை வந்துவிட்டது. பகலெல்லாம் நீ தூங்கினாய். நீ விழித்துவிடக் கூடாதென்று நானும் குழந்தையும் பல்பு வெளிச்சத்தில் கிசுகிசுத்துக்கொண்டே வாழ்ந்தோம். ஒரு நாள் பெக்கி என் காதருகே வந்து, "அம்மா, இப்ப பகலா ராத்திரியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. படுக்கையை எட்டிப் பார்த்தேன். நீ படுத்திருந்தாய். அதை வைத்துத்தான் "பகல்" என்று சொன்னேன்.

அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டினேன். மினசோட்டாப் பனியில் பிறந்தவள் குளிருக்கா ஓடுவாள்? போர்வை உறைந்ததற்கு மறுநாளும் நான் உனக்குச் சமைத்துப் போட்டேனே, மறந்துவிட்டாயா?

வேறு எவனும் இல்லை என்று கஸ்ஸிடம் சொல். அவன் கேட்டதைவிட, நீ அதை எனக்கு எழுதியதுதான் வலிக்கிறது.

லவோன்

வில்லிஸ்டன்
13 டிசம்பர்

அன்புள்ள லவோன்,

உன் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். போடவில்லை.

போன சனி இரவு ஷிப்டு இல்லை, ஞாயிறு பகலில் விழித்திருந்தேன். கஸ் பாருக்குக் கூப்பிட்டான், போகவில்லை. நீ இருந்த மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் காப்பிப் பாத்திரத்தோடு பேச ஆரம்பித்துவிட்டேன். எழுந்து போய் மேசை ஜன்னலின் இரண்டு பலகைகளையும் பிடுங்கி எறிந்தேன். வெயில் மேசைமேல் வந்து விழுந்தது. இரவு வேலைக்குக் கிளம்பும்வரை அதன் எதிரேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் திரும்பி வந்தால், அந்த ஜன்னலுக்குக் கீழே போகிற தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது. தரையெல்லாம் பனிக்கட்டி. பலகையைத் திரும்ப அடித்தேன். அடிக்கும்போது அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

இந்த டிரெய்லரில் வெளிச்சம் வேண்டுமென்றால் குளிர், கதகதப்பு வேண்டுமென்றால் இருட்டு. இரண்டையும் சேர்த்துத் தர என்னால் முடியாது. அதனால் கிறிஸ்துமஸுக்கு வராதே. கோபத்தில் எழுதவில்லை.

கஸ் சொன்னதை உனக்கு எழுதியிருக்கவே கூடாது. வேலையை விடுகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். நான் அங்கே வரலாமா?

டுவெயின்

பெமிட்ஜி
18 டிசம்பர்

அன்புள்ள டுவெயின்,

வா. பஸ்ஸில் வா. அந்த டிரெய்லரை மட்டும் இழுத்துக்கொண்டு வந்துவிடாதே.

உன்,
லவோன்